எங்கே வெட்டப்படுகிறது என்பதையும் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

நெல்லின் உப்புத் தாங்கும் திறன் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, வேதாரண்யம், தலைஞாயிறு பக்கத்து விவசாயிகளுக்கும் எங்கள் கல்லூரி மாணவர்களுக்கும் வேண்டிய ஒன்றுதான். ஆனால் ‘மரபணு இயங்கினால் புரதம் வரும், அணைந்தால் வராது’ என்று அதில் முடித்துவிட்டது போதாது. மேட்டூரில் எத்தனை கன அடி திறந்தார்கள் என்பதை மட்டும் வைத்துக் கடைமடையில் நடவு ஆகுமா என்று சொல்லிவிட முடியாது. மரபணுவிலும் அப்படித்தான், கடைசி முனையைப் பார்த்தாக வேண்டும்.

டி.என்.ஏ.விலிருந்து படியெடுக்கப்பட்டு, புரதம் செய்யும் குறிப்பைச் சுமக்கும் தூது ஆர்.என்.ஏ.வை ஓரிடத்தில் வெட்டி, அங்கே அடினின் (‘ஏ’ எழுத்து) வரிசையை ஒட்டி வால் கட்டுகிறது செல். பாலூட்டிகளில் அந்த வால் சுமார் 200 அடினின் நீளம். ‘ஏஏயூஏஏஏ’ என்ற ஆறெழுத்தை ஒரு புரதக் கூட்டம் பிடித்துக்கொள்ள, அதைத் தாண்டி 10 முதல் 30 எழுத்துக்குள் வெட்டு விழும். (செடிகளில் இந்த அடையாளம் இவ்வளவு கறாரில்லை. ஆய்வகங்களில் வளர்க்கும் அரபிடாப்சிஸ் என்ற சிறு செடியில் சுமார் 10 சதவீத மரபணுக்களில்தான் அச்சாக இதே ஆறெழுத்து இருக்கிறது.) ஒரே மரபணுவில் இப்படிப்பட்ட வெட்டுமிடங்கள் பல இருக்கலாம். மனிதரில் பாதிக்கு மேற்பட்ட மரபணுக்களும் நெல்லில் ஏறக்குறையப் பாதியும் இந்த வகை.

எந்த இடத்தில் வெட்டினால் என்ன? நோய் எதிர்ப்பு பி-செல்லில், ஐ.ஜி.எம். என்ற எதிர்ப்புரதத்தின் மரபணுத் தூதை முன்னால் வெட்டினால் ரத்தத்தில் சுரக்கும் எதிர்ப்புரதம் கிடைக்கும். பின்னால் வெட்டினால் செல்சவ்வில் பதிந்து நிற்கும் வகை கிடைக்கும். பல மரபணுக்களில் புரதம் மாறாது, தூதில் புரதக் குறிப்புக்குப் பின்னால் உள்ள பகுதியின் நீளம்தான் மாறும். விலங்குகளில் மைக்ரோ ஆர்.என்.ஏ. என்ற குட்டித் துணுக்குகள் ஒட்டித் தூதைச் சிதைக்கும் இடங்கள் அந்தப் பகுதியில்தான் அதிகம். முன்னால் வெட்டினால் அவற்றில் சில விடுபட்டு, தூது தப்பலாம். வேகமாகப் பெருகும் டி-செல்களில் (இதுவும் நோய் எதிர்ப்பு செல்) தூதின் குட்டை வடிவம் கூடுவதை 2008-லும், புற்றுநோய்ச் செல்களில் அதுபோன்ற குறுக்கத்தை 2009-லும் காட்டினார்கள். அதற்காகக் குட்டை என்றாலே புரதம் கூடும் என்று எழுதிவிடக் கூடாது. பல மரபணுக்களில் வித்தியாசம் சொற்பமே.

செடியில் எனக்கு மிகப் பிடித்த உதாரணம், அரபிடாப்சிஸில் பூப்பதைத் தடுக்கும் எஃப்.எல்.சி. மரபணு. அதே மரபணுவிலிருந்து எதிர்த்திசையில் எடுக்கப்படும் ஆர்.என்.ஏ. படியை முன்னிடத்திலேயே வெட்டவைப்பதில் எஃப்.சி.ஏ., எஃப்.பி.ஏ. என்ற புரதங்களுக்குப் பங்குண்டு. அப்படி வெட்டப்பட்டால் எஃப்.எல்.சி. அடங்கி, செடி பூக்கும்.

டெல்டா கல்லூரிகளில் ப்ராஜெக்ட் செய்பவர்களுக்கு இதில் உடனடிப் பயன் உண்டு. தூதை பி.சி.ஆர். என்ற படிபெருக்கும் முறையில் அளக்கும்போது, பெருக்க வேண்டிய துண்டின் இரு முனையைக் குறிக்கும் ப்ரைமர் ஒரே ஜோடி போதாது. எல்லா வடிவத்துக்கும் பொதுவான பகுதியில் ஒன்று, நீண்ட வடிவத்தில் மட்டும் உள்ள பகுதியில் ஒன்று என்று இரண்டு ஜோடி வேண்டும். இரண்டின் பெருக்கத் திறனும் (ஒவ்வொரு சுற்றிலும் படி இரட்டிப்பானால் 100) 90 முதல் 110 சதவீதத்துக்குள் இருந்தால்தான் ஒப்பிட முடியும். இந்தக் கடைசிப் பகுதியில் பெரும்பாலும் இன்ட்ரான் (தூதிலிருந்து வெட்டி நீக்கப்படும் இடைத்துண்டு) கிடையாது. அதனால் மாதிரியில் டி.என்.ஏ. கலந்திருந்தாலும் ஜெல்லில் தெரியும் பேண்ட் அதே அளவில்தான் வரும், கண்டுபிடிக்க முடியாது. டி.என்.ஏ.வை அழிக்கும் டி.என்.ஏஸ் நொதியைப் போடுவதும், ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாகப் படியெடுக்கும் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் நொதியைச் சேர்க்காத ஒரு குழாயைக் கூடவே ஓட்டுவதும் கட்டாயம்.

சிதைந்த ஆர்.என்.ஏ.வில், அடினின் வாலில் ஒட்டும் ஒலிகோ-டி.டி. துணுக்கைக் கொண்டு சி.டி.என்.ஏ. (ஆர்.என்.ஏ.வின் டி.என்.ஏ. படி) செய்தால் வால் பக்கம் மட்டும் நன்றாக வரும். பொதுப் பகுதி குறைந்து, நீண்ட வடிவம் இருப்பதைவிட அதிகமாகத் தெரியும். இன்னொரு கோளாறு, மரபணுவின் நடுவிலேயே அடினின் நெருக்கமாக இருக்கும் இடத்தில் ஒலிகோ-டி.டி. போய் ஒட்டிக்கொள்வது. அப்போது இல்லாத வெட்டுமிடம் ஒன்று இருப்பதுபோல் வந்துவிடும். கிடைத்த முனையை ஜீனோமில் (முழு டி.என்.ஏ. வரிசையில்) வைத்து, அதற்கு அடுத்த 10 எழுத்தில் தொடர்ந்து ஆறு அடினினோ, மொத்தமாக ஏழோ இருந்தால் அதைத் தள்ளிவிடுவது வழக்கம். தூதின் கடைசி முனையைப் பெருக்கிக் கண்டறியும் 3' ரேஸ் முறையைச் செய்பவர்கள் பேண்டின் பிரகாசத்தை வைத்து விகிதம் சொல்ல வேண்டாம். பி.சி.ஆரில் குட்டைத் துண்டுதான் எளிதாகப் பெருகும்.

உங்கள் கட்டுரையில் வந்த வரைபடத்தில், அளந்தது மரபணுவின் எந்தப் பகுதியை என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். இனி வரும் நெல் ஆய்வுக் கட்டுரைகளிலாவது அதைக் கேட்டு வாங்கி வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
உயிரித்தொழில்நுட்ப ஆசிரியர் ஒருவர்,
மயிலாடுதுறை.