எம்ஷர் ஆற்றங்கரையில் பிறந்த நம்பிக்கை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நொய்யலில் நுரை பொங்கி ஓடும் படங்கள் தங்கள் நாளிதழில் வரும்போதெல்லாம், இந்த ஆறு இனித் தேறாது என்று பெருமூச்சு விடும் விவசாயிகளில் நானும் ஒருவன். பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் குட்டையாகிப்போனதையும், எங்கள் கிணற்றுத் தண்ணீர் மாடு கன்றுகளுக்குக்கூட ஆகாமல் போனதையும் கண்ணால் கண்டவர்களுக்கு வேறு எண்ணம் எப்படி வரும்? அண்மையில் ஜெர்மனியின் டார்ட்மண்ட் நகரில் வேலை பார்க்கும் மகனிடம் போயிருந்தபோது, அங்குள்ள எம்ஷர் ஆற்றைப் பார்த்த பிறகே எனக்கு மனம் தெளிந்தது.

ரைன் நதியில் கலக்கும் எம்ஷர், 80 கி.மீ.க்குச் சற்று அதிக நீளமுள்ள சிற்றாறு. அது ஓடும் ரூர் பகுதியில் நிலக்கரிச் சுரங்கங்களைத் தோண்டத் தோண்ட மேல்நிலம் அமிழ்ந்துகொண்டே போனது. பூமிக்கடியில் குழாய் பதித்தால் உடைந்துவிடும் என்பதால், ஊர்களின் சாக்கடையையும் ஆலைகளின் கழிவையும் ஆற்றிலேயே விட்டு, கரையைக் கான்கிரீட்டால் கட்டி, ஏறத்தாழ நூறாண்டுக் காலம் அதைத் திறந்தவெளிச் சாக்கடையாகவே வைத்திருந்தார்கள்.

சுரங்கத் தொழில் வடக்கே நகர்ந்து நிலம் அமிழ்வது நின்ற பிறகு, 1992இல் மீட்புப் பணி தொடங்கியது. சுத்திகரிப்பு நிலையங்களைக் கட்டினார்கள். டார்ட்மண்டிலிருந்து டின்ஸ்லாகன் வரை 51 கி.மீ. நீளத்துக்கு, சில இடங்களில் 40 மீட்டர் ஆழம் வரை, கழிவுநீருக்கென்றே தனிக் குழாய் பதித்தார்கள். சாக்கடை விலகிய பகுதிகளில் மட்டும் கான்கிரீட்டைப் பெயர்த்து ஆற்றை வளைந்தோட விட்டார்கள். 500 கோடி யூரோவுக்கும் மேல் செலவான இந்தப் பணியில், ஆறு முழுவதும் சாக்கடையிலிருந்து விடுபட்டது 2021 இறுதியில்தான்.

டார்ட்மண்டின் ஹோர்டே பகுதியில், மூடப்பட்ட இரும்பு உருக்காலை இருந்த இடத்தில் வெட்டிய பீனிக்ஸ் ஏரியை ஒட்டி, முன்பு அந்த ஆலைக்கு அடியில் குழாய்க்குள் அடைபட்டுக் கிடந்த எம்ஷர் இப்போது வெளிச்சத்தில் ஓடுகிறது. முழங்காலளவுத் தண்ணீரில் அடியில் கிடக்கும் கூழாங்கல் தெரிந்தது. நாணல்களில் ஊசித்தட்டான்கள் உட்கார்ந்திருந்தன. குனிந்து மூச்சை இழுத்தேன். ஈர மண்ணின் வாசனை தவிர வேறு நெடியே இல்லை. சாயக்கழிவின் நெடியோடே வயல் வேலை பார்த்த எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்தத் தண்ணீரைவிடவும் எனக்குத் தெம்பு கொடுத்தது, 1899இல் தொடங்கப்பட்டு இன்றும் இயங்கும் எம்ஷர் கூட்டுச் சங்கம். கரையோர நகராட்சிகளும் தொழில் நிறுவனங்களும் அதில் உறுப்பினர்கள். கழிவை உண்டாக்குகிறவர்கள் அதற்கேற்பக் கட்டணம் செலுத்துகிறார்கள். ஆற்றின் முழு நீளத்துக்கும் பொறுப்பேற்க ஓர் அமைப்பு இருந்ததால்தான், 30 ஆண்டுப் பணி பாதியில் நிற்கவில்லை என்று நான் கருதுகிறேன்.

நொய்யலோ வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் ஆகிய நான்கு மாவட்டங்களைக் கடந்து காவிரியில் சேர்கிறது; அதற்கான பொறுப்பு நீர்வளத் துறை, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், உள்ளாட்சிகள் என்று சிதறிக் கிடக்கிறது. ஆனாலும் 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, கழிவுநீரை வெளியே விடாமல் மறுசுழற்சி செய்யும் முறைக்குத் திருப்பூர் மாறிக் காட்டியது. அந்தத் திறமையும் முதலீடும் நம்மிடமே இருக்கும்போது, எஞ்சியுள்ள வீட்டுக் கழிவுநீரையும், மழை இரவுகளில் திருட்டுத்தனமாகத் திறந்துவிடப்படும் சாயத்தையும் தடுக்க முடியாது என்பதை நான் இனி ஏற்கப்போவதில்லை.

நான்கு மாவட்ட உள்ளாட்சிகளையும் சாயத் தொழிற்சாலைகளையும் கட்டாய உறுப்பினர்களாகக் கொண்ட நொய்யல் ஆணையம் ஒன்றைத் தமிழக அரசு சட்டத்தின் மூலம் அமைக்க வேண்டும். தங்கள் நாளிதழும் நொய்யல் நீரில் கரைந்துள்ள உப்புகளைக் காட்டும் டி.டி.எஸ். அளவை, பேரூர் தொடங்கி ஒரத்துப்பாளையம் வரை இடம்வாரியாக மாதந்தோறும் வெளியிட முன்வர வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
நொய்யல் ஆயக்கட்டு விவசாயி,
சென்னிமலை.