கல்யாண மண்டபத்தில் அம்மாவுக்கு உதவிய அக்காவுக்கு நன்றி

போன ஞாயிற்றுக்கிழமை தஞ்சாவூரில் ஒரு கல்யாணப் பந்தியில் கொதிக்கிற ரசம் அம்மாவின் இடது கையில் கொட்டிவிட்டது. ஒருவர் பேஸ்ட் தேடினார், இன்னொருவர் இட்லி மாவு எடுக்க ஓடினார். அப்போதுதான் பச்சைச் சேலை கட்டிய ஒரு அக்கா, “எதுவும் தடவாதீங்க, தண்ணிக்கு வாங்கம்மா” என்று குழாயடிக்குக் கூட்டிப்போனார்.

தண்ணீர் ஓட ஓடவே மோதிரத்தையும் வளையல்களையும் சோப்பு போட்டு ஒவ்வொன்றாகக் கழற்றினார். வீங்கிவிட்டால் வெட்டித்தான் எடுக்கணும் என்றார். மாலையில் அம்மாவின் விரல்களைப் பார்த்தபோதுதான் அதன் அருமை எனக்குப் புரிந்தது. செல்போனில் நேரம் பார்த்து முழுசாக 20 நிமிடம் கையைக் குழாய்க்கு அடியிலேயே வைத்திருந்தார். ஐஸ் வேண்டாம், வெந்த தோலை அது இன்னும் கெடுக்கும் என்று தடுத்துவிட்டார். கொப்புளத்தையும் யாரையும் தொடவிடவில்லை.

“வலிக்குதாம்மா?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார். ஆழமாக வெந்த இடம் வெளுத்து உணர்ச்சியற்றுப் போகுமாம். அப்புறம் சுத்தமான துணியைத் தளர்வாகச் சுற்றி, ஆட்டோவில் ஏற்றிவிட்டார்.

ஆஸ்பத்திரியில் டிடி ஊசி (டெட்டனஸ் வராமல் தடுக்கும் ஊசி) போட்டுக் கட்டுப் போட்டார்கள். தண்ணீர் விட்டது நல்ல காரியம் என்றார் டாக்டர்.

அக்கா, உங்கள் பேரைக்கூடக் கேட்காமல் கிளம்பிவிட்டோம். அம்மா நன்றாக இருக்கிறார். ரொம்ப நன்றி.