அம்பத்தெட்டு வயசும் சனிக்கிழமை சம்பளமும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தொழிலாளிங்க கையில காசு நிக்கறதில்ல, நாளைக்குன்னு யோசிக்கிறதே இல்லன்னு நம்ம பேப்பர்ல அப்பப்போ வாசகர் கடிதம் வருது, எழுதறவங்க மாசச் சம்பளக்காரங்களாத்தான் இருக்கணும்னு நெனைக்கிறேன். நான் திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில கணக்கு பாக்குறவன், பி.எஃப்., அதாவது வருங்கால வைப்பு நிதி பேப்பரெல்லாம் என் டேபிள் வழியாத்தான் போகுது, அந்த உரிமைல இத எழுதறேன்.

வேலைக்கு வர்றவங்க முதல்ல கேக்கறதே "பி.எஃப். பிடித்தம் உண்டுங்களா?"ன்னுதான். மாசம் 15,000 வரைக்கும் சம்பளம்னா பிடிச்சே ஆகணும், பேசிக்கும் பஞ்சப்படியும் சேர்ந்ததுல 12 சதவீதம் உங்க பங்கு, கம்பெனியும் அதே அளவு போடும், கம்பெனி போடற அந்த 12-ல 8.33 பென்சனுக்கு போகும்னு நான் மூச்சு விடாம சொல்லி முடிப்பேன், அவங்க தலையாட்டிட்டு "அப்ப சனிக்கிழமை கைக்கு எவ்வளவுங்க வரும்?"னு கேப்பாங்க.

இதுல பெரிய நஷ்டம் பென்சன்லதான். மொத்தம் 10 வருஷ சர்வீஸ் இருந்தாத்தான் 58 வயசுல பென்சன், பத்து வருஷம் ஆகறதுக்கு முன்னாடி மொத்தமா எடுத்துட்டா அதுவரைக்கும் பாத்த சர்வீஸ் போச்சு, மறுபடி முதல்ல இருந்து எண்ணணும். பணத்த எடுக்காம ஸ்கீம் சர்டிபிகேட், அதாவது இத்தன வருஷம் சர்வீஸ்ங்கற சான்று, வாங்கி வெச்சுகிட்டா அடுத்த கம்பெனி சர்வீஸோட சேத்துக்கலாம், ரெண்டுக்கும் ஒரே 10-சி பாரம்தான், ஆனா என்கிட்ட வர்றவங்க பெரும்பாலும் பணம்ங்கற கட்டத்துலதான் டிக் அடிக்கிறாங்க.

செக்கிங் செக்ஷன்ல எட்டு வருஷம் இருந்த ஒரு அக்கா வேலைய விட்டுட்டு வந்து பாரம் கேட்டாங்க. இன்னும் ரெண்டு வருஷம்தானக்கா, வேற கம்பெனில சேந்து ஓட்டிட்டீங்கன்னா பென்சன் உண்டுன்னு சொன்னேன். "ஏனுங்க தம்பி, அம்பத்தெட்டு வரைக்கும் நான் இருப்பனோ என்னமோ, ஜூன் மாசம் வந்தே தீருமுங்க, புள்ளைக்கு காலேஜ் பீசு கட்டோணும்"னாங்க. இதே அக்கா எங்க செக்ஷன்ல நடந்த 20 மாச ஏலச்சீட்டுல, மத்தவங்க ஒரு தொகைய தள்ளுபடி விட்டு முன்னாடியே எடுத்துகிட்டே போக, கடைசி வரைக்கும் ஏலம் கேக்காம கட்டி முழுத்தொகையும் வாங்கினவங்க. நாளைய பத்தி நெனைக்காதவங்க பண்ற காரியமா இது? அவங்க பாக்கற நாளைக்கு ஒரு பேரு இருக்கு, ஜூன் பீசு, பொண்ணு சீரு, தீபாவளி. அம்பத்தெட்டுக்கு அப்படி ஒண்ணும் இல்ல.

தீபாவளின்னதும் இதையும் சொல்லிடறேன், திருப்பூர்ல வருஷம் பொறக்கறதே போனஸ் வாங்கினதுக்கு அப்புறம்தான், அதுவரைக்கும் பல்ல கடிச்சிட்டு இருந்துட்டு அடுத்த வாரமே கம்பெனி மாத்துறவங்க நெறைய. வாரச் சம்பளம், முடிச்ச பீசுக்கு இவ்வளவுன்னு பீஸ் ரேட் கூலி, ஆர்டர் இருந்தா ஒன்றரை ஷிப்ட் இல்லன்னா லீவுன்னு ஓடற பொழப்புல அடுத்த மாசமே ஆர்டர பொறுத்ததுதான், இதுல இருபது வருஷம் தள்ளி ஒரு தேதிய காட்டி நம்புன்னா எப்படி நம்புவாங்க? எனக்கு மாசம் ஒண்ணாம் தேதி சம்பளம் வருது, அதனால வீட்டு லோன் 15 வருஷத்துக்கு கையெழுத்து போட தைரியம் வந்துச்சு, என் புத்தி அவங்கள விட ஒசத்தின்னு இல்லங்க.

சரி, நம்பி இருந்தா என்ன கெடைக்கும்? பென்சன் கணக்குக்கு 12,000 சம்பளம், 10 வருஷ சர்வீஸ்னா, பென்சன் ஸ்கீம் விதிப்படி 12,000-த்த பத்தால பெருக்கி எழுபதால வகுத்தா மாசம் 1,714 ரூபாய். குறைஞ்சபட்ச பென்சன் 1,000-ன்னு 2014 செப்டம்பர்ல வெச்சாங்க, பத்து வருஷம் கழிச்சும் அதே ஆயிரம்தான். அந்த பத்து வருஷத்துல கேஸ், வாடகை, பஸ் டிக்கெட் எங்க போச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். வருஷம் போறத கணக்குல எடுத்துக்காதது கவர்மெண்டா தொழிலாளியான்னு எனக்கு நெஜமாவே டவுட்டு.

இன்னொண்ணு, பி.எஃப். ஆபீஸ்காரங்க மாசாமாசம் 27-ந் தேதி மாவட்டத்துல குறைதீர் முகாம் நடத்துறாங்க, அன்னிக்கு லீவு நாளா இருந்தா அடுத்த வேலை நாளுக்கு மாத்திருவாங்க. அதாவது தொழிலாளி வரணும்னா ஒரு ஷிப்ட் கூலிய விட்டுட்டுதான் வரணும், பீஸ் ரேட்டுக்காரங்க வருவாங்களா? ஞாயித்துக்கிழமை காலைல திருப்பூர்ல முகாம் போடட்டும், வர்றவங்க ஒவ்வொருத்தருக்கும் உங்க சர்வீஸ் இத்தன வருஷம், பென்சனுக்கு இன்னும் இத்தன மாசம், இப்ப எடுத்தா இவ்வளவு, விட்டா மாசாமாசம் இவ்வளவுன்னு ஒரு துண்டுச்சீட்டுல தமிழ்ல எழுதி குடுக்கட்டும். அதுக்கப்புறமும் பணம்தான் வேணும்னு டிக் அடிச்சா அது அவங்க முடிவு. இந்தக் கோரிக்கைய நம்ம பேப்பர் மூலமா பி.எஃப். அதிகாரிங்க காதுல போட்டு வெக்கணும்னு கேட்டுக்கறேன்.

இப்படிக்கு,
பனியன் கம்பெனி கணக்கர், திருப்பூர்