இரண்டாம் தவணை நிறைவு: பெற்றோருக்கு அதிபரின் கடிதம்

அன்பார்ந்த பெற்றோர், பாதுகாவலர்களுக்கு வணக்கம்.

இரண்டாம் தவணை நல்லபடியாக முடிகிறது. தமிழ்மொழித் தினப் போட்டிகளில் நம் பிள்ளைகள் திறமை காட்டினார்கள். கரப்பந்தாட்ட அணி வலய மட்டத்துக்குப் போய் வந்தது. நூலகத்துக்குப் புதிய அலுமாரி வந்திருக்கிறது, தண்ணீர்த் தாங்கி திருத்தியாயிற்று. பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துக்கும் பழைய மாணவர் சங்கத்துக்கும் நன்றி. பரீட்சைப் புள்ளிகளை வகுப்பாசிரியர்களிடம் பார்த்துக்கொள்ளலாம். சரி, இனி விஷயத்துக்கு வருகிறேன்.

இத்தவணை தொடக்கம் 9, 10, 11ஆம் தரப் பிள்ளைகள் வாரம் ஒருமுறை ஆங்கிலச் செய்திக் கொப்பி எழுதுகிறார்கள். நாடுகளுக்கிடையே நடக்கும் பேச்சுவார்த்தை, ஒப்பந்தம், தூதுவர் விவகாரம் பற்றிய செய்தி ஒன்றை வானொலியிலோ தொலைக்காட்சியிலோ பத்திரிகையிலோ பிடித்துக்கொள்ள வேண்டும். அதில் தெரியாத ஐந்து சொற்களை, அவை வந்த வசனத்தோடேயே எழுத வேண்டும். அகராதியைத் திறக்குமுன் கருத்து இதுவாக இருக்கலாம் என்று ஊகித்து எழுத வேண்டும். அப்புறம் சொந்தமாக ஒரு வசனம். அவ்வளவுதான்.

கிரிக்கெட் செய்தி கொடுத்தால் விருப்பமாகப் படிப்பார்களே, ஏன் இந்த வறண்ட சங்கதி என்று ஒரு தகப்பனார் கேட்டார். நியாயமான கேள்வி. இந்தச் செய்திகளில் நாடு மாறும், ஆட்கள் மாறுவார்கள், சொற்கள் பெரிதாக மாறுவதில்லை. சம்மிட் (உச்சிமாநாடு), என்வோய் (விசேட தூதுவர்), ட்ரீட்டி (ஒப்பந்தம்), சீஸ்ஃபயர் (போர்நிறுத்தம்), சாங்ஷன்ஸ் (பொருளாதாரத் தடை) என்று அதே கூட்டம் வாராவாரம் திரும்பி வருகிறது. மூன்றாம் தடவை காணும்போது பிள்ளைக்கு அகராதி தேவைப்படாது. எந்தச் சொல் எந்தச் சொல்லோடு சேரும் என்பதும் அதோடு பிடிபடும். பொருளாதாரத் தடையை 'இம்போஸ்' பண்ணுவார்கள், அதாவது விதிப்பார்கள்; பிறகு 'லிஃப்ட்' பண்ணுவார்கள், அதாவது நீக்குவார்கள். தூதுவரை 'சம்மன்' பண்ணுவது, அவர் பணியாற்றும் நாட்டின் அரசு தன் வெளிவிவகார அமைச்சுக்குக் கூப்பிட்டு விளக்கம் கேட்பது. 'ரீகோல்' பண்ணுவது, அவரை அனுப்பிய நாடே வீட்டுக்கு வா என்பது. சொற்பட்டியலில் இரண்டுக்கும் 'அழைத்தல்' என்று போட்டிருக்கும். செய்தியோடு படித்த பிள்ளை இரண்டையும் குழப்பாது.

ஒரு மாணவி, இந்தியா கொழும்புக்கு 'ஹை கொமிஷனர்' அனுப்புகிறது, ஜப்பான் 'அம்பாசடர்' அனுப்புகிறது, இரண்டு பேருக்கும் ஒரே வேலைதானே, ஏன் இரண்டு பெயர் என்று கேட்டார். பொதுநலவாய நாடுகள் தமக்குள் அனுப்பிக்கொள்பவர் உயர்ஸ்தானிகர், மற்றவர்கள் தூதுவர்கள் என்று ஆசிரியை சொன்னார். அடுத்த பாடவேளை வரலாறு. பொதுநலவாயம் என்றால் என்ன, நாம் எப்படி அதற்குள் வந்தோம் என்று அந்த ஆசிரியரையும் விடவில்லை. பாடத்திட்டத்தில் அன்றைக்கு வேறு ஏதோ இருந்திருக்கிறது, போகட்டும்.

இது அரசியல் இல்லையா என்ற கேள்வியும் வந்தது. வகுப்பில் யார் சரி, யார் பிழை என்று எவரும் கேட்பதில்லை. அறிக்கையில் 'அர்ஜ்' என்று இருக்கிறதா, 'கண்டெம்' என்று இருக்கிறதா, கேட்டுக்கொள்கிறார்களா, கண்டிக்கிறார்களா, அதைத்தான் கேட்கிறோம்.

இனி, கொஞ்சம் மனத்தாங்கலான பகுதி.

தவணை முடிவில் கொப்பிகளை ஆங்கில ஆசிரியையோடு இருந்து நானும் பார்த்தேன். 10ஆம் தரத்தில் ஒரு வாரச் செய்தியில் 'என்வோய்' என்று வரவேண்டிய இடத்தில் 'கொன்வோய்' என்று இருந்தது. பக்கத்தில் கருத்து மட்டும் சரியாக, 'விசேட தூதுவர்'. கொன்வோய் என்றால் வாகனத் தொடரணி. போர்க்காலத்தைக் கண்ட எங்கள் பக்கத்தில் வயது வந்தவர்கள் யாருக்கும் அந்தச் சொல்லை விளக்கத் தேவையில்லை. ஒரு பிள்ளை அப்படி எழுதினால் கைதவறு என்று விட்டுவிடலாம். கொப்பிக்குக் கொப்பி அதே கொன்வோய், அதே வரியில், அடியில் அதே பச்சைப் பேனைக் கோட்டோடு வந்துகொண்டிருந்தது. சில கொப்பிகளில் எழுத்தே பிள்ளையின் எழுத்தாக இல்லை.

விசாரித்தபோது விஷயம் வெளியே வந்தது. பெற்றோரின் வட்ஸ்அப் குரூப்பில் ஞாயிறு இரவு ஒரு பக்கம் போட்டோவாக வருகிறது. ஒரு ரியூசன் வகுப்பில் அச்சடித்த தாளே கொடுக்கிறார்களாம், ஒட்டினால் சரி. சில வீடுகளில் செய்தியைப் போனுக்குக் கொடுத்து சொல், கருத்து, வசனம் எல்லாவற்றையும் அதிலேயே எடுத்துவிடுகிறார்கள். வசனம் அழகாகத்தான் இருக்கிறது. அதை வாசி என்றால் பிள்ளை கூரையைப் பார்க்கிறது.

ஏன் இப்படி நடக்கிறது என்பது எனக்கு விளங்காமல் இல்லை. சிறுபோக அறுவடை நேரம், வயலால் வரும்போதே இருட்டிவிடுகிறது. சில வீடுகளில் தாய் குவைத்தில், பிள்ளையைப் பார்ப்பது அம்மம்மா. நமக்குத்தான் இங்கிலிஷ் வரவில்லை, பிள்ளையாவது பின்னுக்கு நிற்கக்கூடாது என்ற பயம். குரூப்பில் முதலில் படம் போட்டவரும் காய்ச்சலில் வராத ஒரு பிள்ளைக்கு உதவியாகத்தான் போட்டிருக்கிறார். அவரைக் குறை சொல்லவில்லை, யார் என்று கேட்கவும் வேண்டாம்.

ஆனாலும் இதை நேராகவே சொல்லிவிடுகிறேன். மூன்றாம் தவணையிலிருந்து ஒட்டிய தாளுக்கும் வேறொருவர் கையெழுத்துக்கும் புள்ளி கிடையாது. ஒவ்வொரு வாரமும் சில பிள்ளைகள் கொப்பியை மூடிவைத்துத் தங்கள் ஐந்து சொற்களையும் வாயால் விளக்க வேண்டும். விளக்க முடியாவிட்டால் அந்தப் பக்கத்தைப் பாடசாலையிலேயே இருந்து திரும்ப எழுத வேண்டும். வட்ஸ்அப் குரூப்பில் செய்திக் கொப்பிப் பக்கங்கள் போடுவது இன்றோடு நிற்க வேண்டும். என் பிள்ளைக்கு மட்டும் ஏன் புள்ளி குறைந்தது என்று அலுவலகத்துக்கு வருபவர்கள் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். கேள்வியைப் பிள்ளையிடமே கேட்போம்.

பிழை இருக்கட்டும். பிழை இருந்தால்தான் ஆசிரியைக்கு எதைச் சொல்லிக்கொடுப்பது என்று தெரியும்.

ஆங்கிலம் தெரியாத நாங்கள் எப்படி உதவுவது என்று கேட்பவர்களுக்கு ஒரு பக்கத்தைப் பற்றிச் சொல்கிறேன். 2002 பெப்ரவரியில் அரசாங்கத்துக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தானபோது உங்களில் பலர் இந்தப் பிள்ளைகளின் வயதில் இருந்திருப்பீர்கள். நோர்வேயை நம் பத்திரிகைகள் 'அனுசரணையாளர்' என்று எழுதின. போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழுவின் அலுவலகம் மட்டக்களப்பிலும் இருந்தது. தாய்லாந்து, ஒஸ்லோ, பேர்லின், ஹக்கோனே என்று பேச்சுவார்த்தை நடந்த இடங்களைத் தகப்பன் சொல்ல, 11ஆம் தர மாணவன் ஒருவன் கேட்டு எழுதியிருந்தான். 'மீடியேட்டர்' (மத்தியஸ்தர்), 'ஃபசிலிட்டேட்டர்' (அனுசரணையாளர்) இரண்டும் ஒன்றா என்று தானே யோசித்து, முதலாமவர் தீர்வும் சொல்லுவார், மற்றவர் கதிரை போட்டு இருத்திவிட்டு ஒதுங்குவார் என்று விளக்கமும் எழுதியிருந்தான். ஆங்கிலத்தில் பிழை நிறைய. இத்தவணையில் நான் பார்த்த பக்கங்களில் அதுவே ஆகத் திறம். அந்தத் தகப்பனாருக்கு ஆங்கிலம் வாசிக்க வராது.

இப்படிச் செய்தால் போதும். செய்தி என்னவென்று பிள்ளையைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள், உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள். வெளிநாட்டில் இருக்கும் தாய்மாருக்கு எம்பசி, கொன்சியூலர், விசா எல்லாம் எங்களைவிடப் பழக்கமான சொற்கள்; வீடியோ கோலில் பத்து நிமிடம் அதைப் பற்றிப் பிள்ளையோடு கதைத்தால் எங்களுக்குப் பெரிய உதவி.

பகல் முழுக்க வேலை செய்துவிட்டு வந்தும், பிள்ளை எழுதி முடிக்கும்வரை பக்கத்தில் இருக்கும் பெற்றோரை எனக்குத் தெரியும். ஆங்கிலப் பத்திரிகைகளை எடைக்குப் போடாமல் எங்களுக்கு எடுத்துவைக்கும் சந்திக் கடைக்காரருக்கும், பிள்ளைகளைத் தவறாமல் அனுப்பும் எல்லோருக்கும் என் மனமார்ந்த நன்றி. விடுமுறைக்குக் கொப்பி எழுதத் தேவையில்லை. பழைய ஆங்கிலப் பத்திரிகை வீட்டில் இருந்தால் அலுவலகத்தில் கொடுங்கள். பெற்றோர் கூட்டம் புதிய தவணையின் முதல் வாரத்தில் நடக்கும், திகதியைப் பிள்ளைகளிடம் சொல்லி அனுப்புவோம்.

இப்படிக்கு,
அதிபர்