அம்மாவைத் திருப்பிப் படுக்கவைக்கக் கற்றுத் தந்த அக்காவுக்கும் மற்ற எல்லோருக்கும்

அன்புள்ள எல்லோருக்கும்,

படுத்த படுக்கையாகக் கிடந்ததால் அம்மாவின் முதுகின் அடிப்பகுதியில் வந்த படுக்கைப்புண் மூடிவிட்டது. நேற்று பார்த்த டாக்டர், இனி கட்டுப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பக்கவாதம் வந்ததிலிருந்து நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும், மறுபடி எழுதவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்து அம்மா இப்போது தானாகவே திரும்பிப் படுக்கிறார். இந்தச் சந்தோஷத்தின் சூடு ஆறுவதற்குள் நன்றி சொல்லிவிட வேண்டும்.

முதல் நன்றி, டிரெஸ்ஸிங் செய்ய வந்த செவிலியர் அக்காவுக்கு. கட்டுப் போட்டதோடு அவர் வேலை முடிந்தது. ஆனாலும் கையைக் கழுவிக்கொண்டு வந்து, "தம்பி, நீ இந்தக் கட்டில்ல படு. கை காலை ஆட்டாதே, நான் திருப்புறேன்" என்றார். முதலில் ஒன்றும் சொல்லாமல் தோளைப் பிடித்துச் சட்டென்று இழுத்தார். விழப்போகிறோம் என்று உடம்பு விறைத்துக்கொண்டது. அடுத்த தடவை முகத்துக்கு நேரே வந்து, "இடது பக்கம் திருப்பறேன், என் பக்கம்தான் வருவே" என்று சொல்லி, உள்ளங்கையை விரித்துத் தோளிலும் இடுப்பிலும் வைத்துத் திருப்பினார். பயமே தெரியவில்லை. அம்மாவின் முனகலில் பாதி வலியல்ல, பயம்தான் என்று அந்த ஒரு நிமிடத்தில் புரிந்தது.

அவர் கற்றுத் தந்ததை இங்கே எழுதிவைக்கிறோம், இன்னொரு வீட்டுக்கு உதவும். ஒரு பெட்ஷீட்டை இரண்டாக மடித்து, தோளிலிருந்து தொடைவரை வருமாறு குறுக்கே விரிக்க வேண்டும். இரண்டு பேர் இரு பக்கமும் நின்று, அதன் ஓரத்தை உடம்பை ஒட்டிச் சுருட்டிப் பிடித்து, ஒரே நேரத்தில் தூக்கி நகர்த்த வேண்டும். இழுக்கக் கூடாது. இழுத்தால் தோல் துணியோடு ஒட்டி நின்றுவிடும், உள்ளே எலும்பு மட்டும் நகரும். நடுவில் இருக்கும் ரத்தக் குழாய்கள் நசுங்கும். இடது பக்கம் திருப்புவதென்றால் முதலில் வலது ஓரத்துக்கு நகர்த்தி, வலது முழங்காலை மடக்கி, வலது கையை நெஞ்சின்மேல் வைத்துவிட்டுத் திருப்ப வேண்டும். செயலிழந்த கையைப் பிடித்து ஒருபோதும் இழுக்காதீர்கள், தோள் மூட்டு இறங்கிவிடும்.

முழுசாகப் பக்கவாட்டில் படுக்கவைப்பதும் தப்பு. பாரம் மொத்தமும் இடுப்பு எலும்பில் இறங்கும், அங்கே சதை குறைவு. முதுகுக்குப் பின்னால் தலையணை அண்டக் கொடுத்து 30 டிகிரி சாய்வில் நிறுத்தினால் போதும். முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை, கெண்டைக்காலுக்கு அடியில் ஒன்று. குதிகால் மெத்தையைத் தொடவே கூடாது.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இப்படித் திருப்ப வேண்டும். ஏர் பெட், அதாவது பம்ப்பால் காற்று அடைக்கும் மெத்தை, போட்டாலும் திருப்பத்தான் வேண்டும். அந்த மெத்தையின் மேல் நாலு துணி அடுக்கினால் போட்டும் பயனில்லை. காற்று போதுமா என்று பார்க்க, இடுப்புக்கு நேரே மெத்தையின் அடியில் கையை நுழையுங்கள். எலும்பு கையில் தட்டினால் மெத்தை தாங்கவில்லை என்று அர்த்தம். வளையம்போல் நடுவில் ஓட்டை உள்ள தலையணை வேண்டவே வேண்டாம். அது சுற்றிலும் அழுத்தி, நடுவுக்கு ரத்தம் போகாமல் தடுக்கும்.

திருப்பும்போதெல்லாம் தோலைப் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் ஒரு நொடி வெளுக்க வேண்டும். வெளுக்காவிட்டால் உள்ளே சேதம் தொடங்கிவிட்டது. கறுத்த தோலில் சிவப்பு தெரியாது. சூடு, கெட்டித்தன்மை, சுற்றுப்புறத்தைவிடக் கூடுதலான கருமை, இவற்றைத் தேட வேண்டும். அந்த இடத்தைத் தேய்த்துவிடாதீர்கள், பாரம் படாமல் வைத்தாலே போதும்.

இதெல்லாம் கை பழகியபின் வீட்டின் முகமே மாறியது. என்ன செய்வதென்று தெரியாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுதான் ஆளைத் தின்னும். செய்யத் தெரிந்துவிட்டால், மஞ்சளாக இருந்த புண்ணின் அடியில் பொடிப்பொடியாகச் செஞ்சதை எழும்புவதும், ஓரத்திலிருந்து புதுத்தோல் உள்ளே நகர்வதும் கண்ணுக்குத் தெரிகிறது. அந்த மகிழ்ச்சிக்கு ஈடாக எங்களுக்கு வேறெதுவும் சொல்லத் தெரியவில்லை.

ராத்திரி 2 மணி முறையை எடுத்துக்கொண்டு எங்களைத் தூங்கவிட்ட பக்கத்து வீட்டு அண்ணன், விரல்கள் மடங்கி இறுகாமல் காத்த பிசியோதெரபிஸ்ட், சமைத்துக் கொடுத்தவர்கள், அம்மாவுக்குச் செய்தித்தாள் படித்துக் காட்டிய பிள்ளைகள், எல்லோருக்கும் நன்றி. ஒரே ஆள் இரவும் பகலும் பார்த்தால் முதலில் போவது தூக்கம், அடுத்தது முதுகு. நீங்கள் முறை போட்டு வந்ததால்தான் இந்த வீட்டில் இன்னொருவர் படுக்கையில் விழவில்லை.

அக்கா, நீங்கள் கற்றுக் கொடுத்தது எங்களோடு நிற்காது. யார் வீட்டிலாவது ஒருவர் படுக்கையில் விழுந்தால் கூப்பிடுங்கள், நாங்கள் வருகிறோம். வீட்டுக்காரரை முதலில் படுக்கவைத்துத் திருப்பிக் காட்டுகிறோம், பிறகு பெட்ஷீட்டை மடிக்கக் கற்றுத் தருகிறோம். ஏர் பெட்டைச் சோப்புத் தண்ணீரில் துடைத்து, காயவைத்து, பம்ப்போடு எடுத்து வைத்திருக்கிறோம். தேவைப்படுகிறவர்கள் வந்து எடுத்துக்கொள்ளலாம்.