எடின்பரோ பேய் வரலாற்று பப் நடை: 24ஆம் தேதி, சனி

வணக்கம் நண்பர்களே. அக்டோபர் 24 சனி மாலை சரியாக 7 மணி, கிராஸ்மார்க்கெட். பழைய தூக்குமேடை இருந்த இடத்தில் உள்ள வட்ட நினைவிடத்தருகே கூடுகிறோம். வழிகாட்டி காத்திருக்க மாட்டார், 6.45க்கே வந்துவிடுங்கள்.

1. பாஸ்போர்ட் அல்லது லைசென்ஸ் கட்டாயம், அசலாகவே. 25 வயதுக்குக் கீழே தெரிந்தால் கேட்பார்கள். போனில் உள்ள படம் செல்லாமல் போகலாம். 18 ஆகாதவர்கள் வேண்டாம்.

2. மேகி டிக்சன்ஸ் பப்பில் முதல் நிறுத்தம். 1724இல் தூக்கிலிடப்பட்டு, சவப்பெட்டியில் போகும் வழியிலேயே எழுந்து உட்கார்ந்த பெண்தான் இந்த மேகி டிக்சன். பிறகு லாஸ்ட் டிராப், ஒயிட் ஹார்ட் பப்கள்.

3. டிக்கெட்டில் பானம் சேராது. எல்லோரும் கவுன்டரில் நின்றால் கதை போய்விடும். ஒவ்வொரு பப்பிலும் இருவர் மட்டும் வாங்கட்டும். அரை பைன்ட் (284 மிலி) போதும். குடிக்காதவர்களும் தாராளமாக வரலாம்.

4. கல் பாவிய தெரு, மழையில் வழுக்கும். ஹீல்ஸ் வேண்டவே வேண்டாம்.

5. கார் எடுக்காதீர்கள். ஸ்காட்லாந்தில் வண்டி ஓட்டுபவருக்கு 100 மிலி ரத்தத்தில் ஆல்கஹால் வரம்பு 50 மிகி, இங்கிலாந்தின் 80 அல்ல.

6. அன்றிரவு 2 மணிக்குக் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னே போகும். இரவுப் பேருந்து நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வருபவர்கள் பெயர், எத்தனை பேர், வெறும் வயிற்றில் வராமல் 5.30க்குச் சாப்பிடச் சேர்கிறீர்களா என்று வியாழன் இரவுக்குள் இங்கேயே பதில் போடுங்கள். கட்டைவிரல் மட்டும் போட்டால் கணக்கில் வராது.