எம்பெடட் ஆய்வகங்களில் டீபக்கர் பயிற்சி வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொறியியல், பாலிடெக்னிக் கல்லூரிகளின் எம்பெடட் (கருவிகளுக்குள் பொதிந்து இயங்கும் சிறு கணினிகளுக்கான) ஆய்வகங்களில் மாணவர் எழுதிய நிரல் போர்டில் ஓடாமல் நின்றுவிட்டால், காரணத்தைக் கண்டறிய அவருக்குப் பெரும்பாலும் சொல்லித்தரப்படும் வழிகள் இரண்டுதான்: எல்இடியை எரியவிட்டுப் பார்ப்பது, அல்லது சீரியல் போர்ட்டில் ஒரு வரியை அச்சிட்டுப் பார்ப்பது. ஓடும் நிரலை வேண்டிய இடத்தில் நிறுத்தி, மைக்ரோகன்ட்ரோலரின் ரெஜிஸ்டர்களையும் (சிப்புக்குள் உள்ள சிறு சேமிப்பிடங்களையும்) நினைவகத்தையும் நேரடியாகப் பார்க்க உதவுவது டீபக்கர் என்ற பிழைதிருத்தும் கருவி. அதைச் சிப்போடு இணைக்கும் டீபக் அடாப்டர் பல நேரங்களில் அதே போர்டிலேயே இருக்கிறது என்பதைப் பலர் வேலைக்கு வந்த பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள். கோவையில் இத்துறையில் பணிபுரிபவன் என்ற முறையில், புதிதாகச் சேரும் இளைஞர்களிடம் இதைத் தொடர்ந்து காண்கிறேன். கல்லூரிகள் ஏறத்தாழச் செலவே இல்லாமல் தீர்க்கக்கூடிய குறை இது என்பதால்தான் எழுதுகிறேன்.

பல ஆய்வகங்களில் உள்ள எஸ்டிஎம்32 நியூக்ளியோ போர்டுகளில் எஸ்டி-லிங்க் அடாப்டர் உடன் இணைந்தே வருகிறது. ராஸ்பெர்ரி பை பிக்கோ என்ற சிறு போர்டை வைத்திருப்பவர்கள், ஒரு பிக்கோவில் அதற்குரிய ஃபர்ம்வேரை (சிப்பில் ஏற்றும் நிரலை) ஏற்றி, இன்னொரு பிக்கோவுக்கு அதையே அடாப்டராக்கிக்கொள்ளலாம். ஏஆர்எம் கார்ட்டெக்ஸ்-எம் சிப்களுக்கான எஸ்டபிள்யூடி என்ற டீபக் இணைப்பு முறையில் தரவுக்கு ஒன்று, கடிகாரத்துக்கு ஒன்று என இரண்டு கம்பிகளும் ஒரு கிரவுண்டும் போதும். இந்த அடாப்டர்களை இயக்கும் ஓப்பன்ஓசிடி என்ற கட்டற்ற மென்பொருள், ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரப் பயன்முறை அறிவியல் பல்கலைக்கழகத்தில் டொமினிக் ராத் என்ற மாணவர் 2005-இல் எழுதிய டிப்ளமா ஆய்வேட்டின் பகுதியாகப் பிறந்தது. கணினியில் அதை ஓடவிட்டால் 3333 என்ற நெட்வொர்க் போர்ட்டில் காத்திருக்கும். ஜிடிபி என்ற டீபக்கர் அந்தப் போர்ட்டில் இணைந்ததும், கணினி நிரலைப் பிழைதிருத்துவதுபோலவே சிப்பில் ஓடும் நிரலையும் வரிவரியாக நடத்திப் பார்க்கலாம்.

பயிற்சி தொடங்காமலேயே கைவிடப்படுவது பெரும்பாலும் நிறுவும் கட்டத்தில்தான். லினக்ஸ் வகைகளான உபுண்டுவிலோ டெபியனிலோ ஓப்பன்ஓசிடியையும், பல வகைச் சிப்களுக்கான ஜிடிபி-மல்டிஆர்க்கையும் ஆப்ட் என்ற நிறுவும் கருவி மூலம் நிறுவ ஒரே கட்டளை போதும். ஆனால் உபுண்டு 22.04-இன் களஞ்சியத்தில் இருப்பது ஓப்பன்ஓசிடியின் 0.11 பதிப்பு, பிக்கோவின் ஆர்பி2040 சிப்புக்கான ஆதரவு 2023 ஜனவரியில் வெளிவந்த 0.12 பதிப்பில்தான் சேர்ந்தது. அதனால் பிக்கோ பயன்படுத்துவோர் மூலநிரலை இறக்கித் தாங்களே தொகுத்து நிறுவுகிறார்கள். அப்படி நிறுவும்போது, சாதாரணப் பயனருக்கு யூஎஸ்பி அடாப்டரைத் திறக்கும் அனுமதி தரும் யூடெவ் (லினக்ஸின் சாதன நிர்வாகி) விதிக்கோப்பு தானாக உரிய இடத்துக்குப் போய்ச் சேர்வதில்லை. மூலநிரலின் கன்ட்ரிப் அடைவிலிருந்து அதை எடுத்து யூடெவ் விதிகளுக்கான அடைவில் வைத்து, விதிகளை மீண்டும் ஏற்றி, அடாப்டரைக் கழற்றிச் செருக வேண்டும். இது தெரியாதவர்கள், அனுமதி இல்லை என்ற பிழைச்செய்தியைக் கண்டதும் சூடோ என்ற நிர்வாகி உரிமைக் கட்டளையைப் போட்டு ஓட்டுகிறார்கள். ஆய்வகக் கணினியில் எல்லா மாணவருக்கும் நிர்வாகி உரிமை தர முடியாது என்று பொறுப்பாளர் மறுப்பது முற்றிலும் நியாயம். ஆனால் அந்த மறுப்போடு டீபக்கரும் பாடத்திலிருந்து வெளியேறிவிடுகிறது. ஒரு விதிக்கோப்பை ஒரே முறை நகலெடுத்தால் தீரும் சிக்கலுக்காக ஓர் அடிப்படைத் திறனையே இழப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

விண்டோஸில் சிக்கல் டிரைவரைப் பற்றியது. எஃப்டிடிஐ நிறுவனத்தின் சிப் கொண்ட அடாப்டர்களுக்கு ஜாடிக் என்ற கருவியால் வின்யூஎஸ்பி டிரைவரைப் பொருத்தும்போது, ஜேடேக் என்ற டீபக் இணைப்புக்குரிய இடைமுகத்தை மட்டுமே மாற்ற வேண்டும். மற்றதையும் மாற்றினால் சீரியல் போர்ட் காணாமல் போய்விடும்.

சிப் நிறுவனங்கள் இலவசமாகத் தரும் ஐடிஇ-க்களிலேயே (நிரல் எழுதும் மென்பொருள்களிலேயே) டீபக் பொத்தான் இருக்கும்போது இவையெல்லாம் எதற்கு என்று பேராசிரியர்கள் கேட்கக்கூடும். அந்தப் பொத்தானைத் தாராளமாகப் பயன்படுத்தட்டும். ஆனால் அந்தக் கருவிகள் பொதுவாக அந்தந்த நிறுவனத்தின் சிப்களோடு நின்றுவிடுகின்றன. ஓப்பன்ஓசிடியோ ஏஆர்எம், ரிஸ்க்-ஃபைவ், மிப்ஸ் என்று பல செயலிக் கட்டமைப்புகளுக்கு உதவுகிறது. சென்னை ஐஐடி உருவாக்கிய சக்தி செயலிகளில் நிரல் எழுதுவோரும் ஓப்பன்ஓசிடியையும் ஜிடிபியையுமே பயன்படுத்துகிறார்கள். நம் மண்ணில் வடிவமைக்கப்பட்ட செயலியில் வேலை செய்யவும் இந்தப் பழக்கம் தேவைப்படுகிறது.

கார்ட்டெக்ஸ்-எம்3 சிப்பில் தவறான முகவரியைத் தொடும் நிரல் ஹார்ட்ஃபால்ட் என்ற கடும்பிழை நிலையில் விழுந்து, முடிவில்லாச் சுழற்சியில் சிக்கிக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். எல்இடியை நம்பியிருக்கும் மாணவருக்கு அது செத்துப்போன போர்டு. டீபக்கரை இணைத்தவரோ, விதிவிலக்கு நேர்ந்த கணத்தில் சிப் தானாக ஸ்டாக் என்ற நினைவகப் பகுதியில் சேமித்த எட்டு ரெஜிஸ்டர்களைப் படித்து, அவற்றுள் உள்ள பிசி (இயங்கும் கட்டளையின் முகவரி) மதிப்பைக் கொண்டு பெரும்பாலும் குற்றம் செய்த வரிக்கே போய்ச் சேர்வார். தவிர, சீரியலில் அச்சிடுவதற்கும் நேரம் செலவாகும். நேரத்தைச் சார்ந்த பிழைகள் அச்சிடும் வரியைச் சேர்த்ததுமே மறைந்து, நீக்கியதும் திரும்பி வருவதை இத்துறையினர் அறிவார்கள்.

டீபக்கருக்கும் எச்சரிக்கை வேண்டும். மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது நிரலை நிறுத்தினால், மோட்டாரை இயக்கும் பிடபிள்யூஎம் துடிப்பு வெளியீடு இருந்த நிலையிலேயே தொடர்ந்து, மின்சுற்று கருகிப்போக வாய்ப்புண்டு. பம்ப்செட் கன்ட்ரோலர் தயாரிக்கும் நிறுவனங்கள் நிறைந்த கோவையில் வேலைக்கு வரப்போகும் மாணவர், பிரேக்பாயின்டில் (நிரலை நிறுத்தும் இடத்தில்) டைமர்களையும் சேர்த்து நிறுத்தும் அமைப்பு எங்கே இருக்கிறது, மோட்டாரின் மின்சாரத்தை எப்போது துண்டிக்க வேண்டும் என்பவற்றை ஆசிரியரின் மேற்பார்வையில் ஆய்வகத்திலேயே பழகிக்கொள்வது நல்லது.

ஆகவே, கணினிகளில் இயங்குதளத்தைப் புதிதாக நிறுவும்போதே ஓப்பன்ஓசிடியையும் யூடெவ் விதிக்கோப்பையும் சேர்த்து நிறுவிவைக்குமாறு ஆய்வகப் பொறுப்பாளர்களைத் தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். வேண்டுமென்றே பிழை வைத்த ஒரு நிரலைக் கொடுத்து, அச்சிடும் வரி எதையும் சேர்க்காமல் டீபக்கர் கொண்டு மட்டும் பிழையுள்ள இடத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லும் ஒரு பயிற்சியைப் பாடத்திட்டக் குழுவினர் செய்முறைத் தேர்வில் சேர்க்க வேண்டும். அதற்கான போர்டுகள் பல கல்லூரிகளில் ஏற்கெனவே இருக்கின்றன.

இப்படிக்கு,
எம்பெடட் பொறியாளர் ஒருவர்,
கோயம்புத்தூர்.